ரஃஸுல் கூல்: மறைப்பு இரட்டை விண்மீன் ஒன்றின் ஒளிக்கணக்கு

முன்னுரை

தமிழ்த்துறை மலரில் விண்மீன்களுக்கு என்ன வேலை என்று சிலர் வினவக்கூடும். வினா நியாயமானதே. ஆயினும் இலக்கியம் பயில்வோர் அளவைகளையும் பயில்கின்றனர். மணிமேகலையின் 27ஆம் காதை அளவைகளை எண்ணிச் சொல்கிறது. அவற்றுள் கருதல் என்பது, நேரே காண இயலாத ஒன்றைக் காணக்கிடக்கும் அடையாளங்கொண்டு துணிவதாகும். புகை கண்டு நெருப்புண்மை துணிதல் என்னும் எடுத்துக்காட்டை வகுப்பறையில் சொல்லிச் சொல்லி நமக்கே சலித்துவிட்டது. கேட்ட மாணவர்க்கு எவ்வளவு சலித்திருக்கும் என்று கூற வேண்டுவதில்லை. புகையினும் சிறந்த எடுத்துக்காட்டு ஒன்று இராயபுரத்து மொட்டை மாடிகளுக்கு மேலேயே உள்ளது. பெர்சியஸ் எனும் விண்மீன் கூட்டத்தில் விளங்கும் அல்கோல் அது. வெறுங்கண்ணுக்கு அது ஒற்றைப் புள்ளி. தொலைநோக்கி வழி நோக்கினும் புள்ளியே. அப்புள்ளி ஒன்றன்று, இரண்டு விண்மீன்கள் ஒன்றையொன்று சுற்றி, மாறிமாறி மறைக்கின்றன என்பதை மாந்தர் அதன் ஒளி கூடிக் குறையும் கணக்கினால் மட்டுமே முதலில் கருதியறிந்தனர். அக்கணக்கு எவ்வாறு போடப்பட்டது, அதில் நம் சென்னைக்கு என்ன பங்கு என்பனவற்றை ஈண்டுக் காண்போம்.

பெயரும் பெருமையும்

அல்கோல் என்பது அரபுச்சொல்லின் திரிபு. ‘ரஃஸுல் கூல்’ என்பதே முழுப்பெயர். ‘கூல் எனும் பேயின் தலை’ என்பது அதன் பொருள். ஒளி மாறும் விண்மீனுக்குப் பேயின் பெயர் அமைந்திருப்பதால், அம்மாற்றத்தை அரபு வானியலார் முன்னரே அறிந்து அஞ்சி அப்பெயர் இட்டனர் என்று மேடைகளில் பேசக் கேட்டிருக்கிறோம். கேட்க இனிமையாகத்தான் உள்ளது. ஆனால் சான்று அவ்வழி செல்லவில்லை. கிரேக்கக் கதையில் பெர்சியஸ் எனும் வீரன் வெட்டியெடுத்த கொடியவளின் தலையைக் கையில் ஏந்தி நிற்கிறான். தாலமியின் நூலில் இவ்விண்மீன் அத்தலையில் வைத்துக் கூறப்பட்டுள்ளது. அந்நூல் அல்மஜிஸ்தி என அரபியில் பெயர்க்கப்பட்டபோது, கிரேக்கப் பேய்மகளின் தலை அரபு நாட்டுப் பேயின் தலையாயிற்று. பெயர் மொழிபெயர்ப்பால் வந்தது.

அப்துர் ரஹ்மான் அஸ்ஸூஃபி (903-986) ஏறத்தாழ 964இல் இயற்றிய நிலைவிண்மீன் வடிவங்கள் பற்றிய நூலில் இவ்விண்மீனும் இடம்பெறுகிறது. ஒளி மாற்றம் பற்றிய குறிப்பு அதில் இல்லை. இதனால் அஸ்ஸூஃபிக்கு ஒரு குறையும் இல்லை. அவருடைய சிறப்பு வேறிடத்தில் உள்ளது. தாலமி கொடுத்த ஒளித்தரங்களை அப்படியே படியெடுத்து எழுதாமல், விண்மீன்களைத் தம் கண்ணால் மீண்டும் நோக்கித் தாம் கண்ட தரத்தைக் குறித்தவர் அவர். இன்று ஆந்திரோமேடா அண்டம் என வழங்கும் மங்கலான ஒளித்திட்டினைச் ‘சிறுமேகம்’ என முதன்முதல் எழுத்தில் பதித்தவரும் அவரே. இல்லாத கண்டுபிடிப்பை அவர் தலையில் ஏற்றுவதைக் காட்டிலும், இருக்கும் இந்த உழைப்பைச் சொல்வது அவருக்குச் செய்யும் மரியாதையாகும்.

தமிழர் பக்கத்திலும் இத்தகைய ஆர்வக்கூற்று உண்டு. சங்கப் புலவர் வடமீன் என்ற அருந்ததியும் அதன் அருகிலுள்ள வசிட்டரும் இணைந்து தோன்றுவதைக் காட்டி, இரட்டை விண்மீன் இயக்கத்தை நம் முன்னோர் அறிந்திருந்தனர் என்று எழுதுவோர் உளர். இரண்டு மீன்களையும் பிரித்துக் கண்டனர் என்பது உண்மை. அரபியர் அருந்ததியை ஸுஹா என அழைத்துக் கண்பார்வையைச் சோதிக்கப் பயன்படுத்தியதும் உண்மை. ஒன்றையொன்று சுற்றுகின்றன என்று இருவருமே எழுதி வைக்கவில்லை. எகிப்தியர் நாட்குறிப்பு ஒன்றில் அல்கோலின் சுற்றுக்காலம் ஒளிந்துள்ளது என ஹெல்சிங்கி பல்கலைக்கழகத்தார் அண்மைக்காலத்தில் வாதிட்டுள்ளனர். அது எல்லோரும் ஒப்புக்கொண்ட முடிபன்று.

பேயின் பெயர் வாய்த்தமையால் சோதிடர் இவ்விண்மீனைத் தீயதென்றனர். நகசு பார்க்கும் வழக்கம் நம்மிடையேயும் முற்றும் ஒழிந்துவிடவில்லை. நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் அருமை மகன் இப்ராஹீம் இறந்த நாளில் சூரியன் மறைப்புற்றது. அம்மரணமே அதற்குக் காரணம் என மக்கள் பேசியபோது, எவருடைய பிறப்புக்காகவோ இறப்புக்காகவோ கதிரும் மதியும் மறைவதில்லை என நாயகம் அவர்கள் மறுத்துரைத்ததை இந்த மலரைப் படிக்கும் பெரியோர் நன்கறிவர். மகனை இழந்த நாளிலும் அவ்வாறு உரைத்தது எண்ணுந்தோறும் நெஞ்சைத் தொடுவது.

யார்க் நகரத்து இளைஞன்

அல்கோலின் ஒளி மாறுவதை 17ஆம் நூற்றாண்டில் இத்தாலியரான மோண்டனாரி குறித்திருந்தார். அம்மாற்றம் காலந்தவறாமல் நிகழ்வது என்று காட்டியவர் இங்கிலாந்தின் யார்க் நகரில் வாழ்ந்த ஜான் குட்ரிக். 1764இல் பிறந்த அவர் இளமையிலேயே செவிப்புலன் இழந்தவர். 1782 நவம்பரில், தம் 18ஆம் வயதில், அல்கோல் மங்கியிருக்கக் கண்டார். அண்டை வீட்டு நண்பரான எட்வர்டு பிகாட்டுடன் சேர்ந்து இரவுதோறும் நோக்கினார். 1783இல் சுற்றுக்காலம் 2 நாள் 20 மணி 49 நிமிடம் எனக் கணக்கிட்டு ராயல் சொசைட்டிக்கு எழுதினார். இன்றைய கருவிகள் தரும் விடையும் அதுவே. விண்மீனைச் சுற்றிவரும் இருண்ட பொருளொன்று மறைப்பதாலோ, விண்மீனின் மேற்பரப்பில் கறை இருப்பதாலோ ஒளி குறையலாம் என இரு காரணங்களை அவர் முன்வைத்தார். அவ்வாண்டே காப்ளி பதக்கம் அவருக்குக் கிடைத்தது. 1786 ஏப்ரலில், 21 வயதில், மறைந்தார்.

அவர் கையிலிருந்த கருவிகள் கண்ணும் கடிகாரமும் குறிப்பேடுமே. இதனை மாணவர் மனங்கொள்ள வேண்டும்.

குட்ரிக் கூறிய இரண்டனுள் எது சரி என்பது அறிய நூறாண்டுக்கு மேலாயிற்று. 1889இல் செருமனியின் ஃபோகல் அல்கோலின் நிறமாலையை ஆராய்ந்தார். ஒளிமிக்க விண்மீன், மறைப்புக்கு முன் நம்மைவிட்டு விலகியும், மறைப்புக்குப் பின் நம்மை நோக்கி நெருங்கியும் இயங்குவதைக் கண்டார். கறை என்றால் இவ்வியக்கம் இராது. துணை உண்டென்பது உறுதியாயிற்று.

வரைகோட்டைப் படிக்கும் முறை

நேரத்தைக் கிடைக்கோட்டிலும் ஒளியை நெடுங்கோட்டிலும் குறித்துப் புள்ளிகளை இணைத்தால் வருவதே ஒளி வரைகோடு. ஒளி வளைகோடு என்றும் எழுதுவர். வளையாது நேராகச் செல்லும் பகுதிக்கும் பொருளுண்டாதலின் வரைகோடு என்பதே நமக்குப் பொருத்தமாகப் படுகிறது. கிரகணம் என்பதற்கு மறைப்பு என்னும் சொல் போதும்.

காசிமேட்டுக் கரையில் இரவில் நிற்போம். கடலில் நெடுந்தொலைவில் இரண்டு படகுகள் ஒன்றையொன்று வட்டமிடுகின்றன எனக் கொள்வோம். ஒன்று சிறிய படகு, கண்ணைப் பறிக்கும் விளக்குடையது. மற்றது பெரிய படகு, அதன் விளக்கு மங்கலானது. தொலைவு மிகுதியால் இரு விளக்கும் ஒரே பொட்டாகத் தெரியும். பெரிய படகு முன்னே வரும்போது நல்விளக்கு மறைபட்டுப் பொட்டின் ஒளி பெரிதும் குன்றும். அதே படகு பின்னே செல்லும்போது மங்கல் விளக்கு மறைபடுவதால் ஒளி சிறிதே குன்றும். ஒரு சுற்றில் ஆழமான பள்ளம் ஒன்று, ஆழமற்ற பள்ளம் ஒன்று. படகுகளைக் காணாமலே இரண்டு உண்டு என்றும், எது பிரகாசமானது என்றும் கரையில் நிற்பவர் சொல்லிவிடலாம்.

அல்கோலின் நிலை ஏறத்தாழ இதுவே. அதன் ஒளித்தரம் 2.1இலிருந்து 3.4க்கு இறங்குகிறது. ஒளித்தரத்தில் எண் கூடக்கூட ஒளி குறையும் என்பதை மறத்தலாகாது. இவ்விறக்கத்தால் ஒளி மூன்றில் ஒரு பங்கினும் குறைந்துவிடுகிறது. இறங்க ஐந்து மணி, ஏற ஐந்து மணி. இரண்டாவது பள்ளம் கண்ணுக்குப் புலப்படாத அளவு சிறிது. 1910இல் அமெரிக்கரான ஸ்டெபின்ஸ் செலீனிய மின்கலங்கொண்டு அளந்த பின்னரே அது வெளிப்பட்டது.

பள்ளத்தின் ஆழம் மட்டுமின்றி அதன் வடிவமும் பேசுகிறது. அடி தட்டையாக இருப்பின், ஒன்று மற்றொன்றின் வட்டத்துக்குள் முழுவதும் அடங்கிய நேரம் அது. அடி கூராக இருப்பின் மறைப்பு அரைகுறையானது, அல்கோல் இவ்வகையினது. மறைப்பு நீடிக்கும் நேரத்தைச் சுற்றுக்காலத்தோடு ஒப்பிட்டால், இடைத்தொலைவை நோக்க விண்மீன்கள் எவ்வளவு பெரியன என்பது வரும். இரு பள்ளங்களின் ஆழத்தையும் ஒப்பிட்டால் வெப்பநிலை வேறுபாடு வரும். நிறமாலை தரும் வேகத்தையும் சேர்த்துக்கொண்டால் நிறையும் இடைத்தொலைவும் கிலோமீட்டரிலேயே கிடைத்துவிடும். அல்கோலின் இரு விண்மீன்களுக்கும் இடையே ஏறத்தாழ 93 இலட்சம் கி.மீ.; நமக்கும் கதிரவனுக்கும் இடையிலுள்ள 15 கோடி கி.மீ. தொலைவோடு ஒப்பிட, இது ஒட்டி உறவாடும் நெருக்கமே.

இவ்வளவு நெருங்கினால் விண்மீன்கள் உருண்டையாக நிற்பதில்லை. ஈர்ப்பினால் முட்டைபோல் நீள்கின்றன. அப்போது பள்ளங்களுக்கு இடைப்பட்ட பகுதியும் தட்டையாக இராது, வளைந்து செல்லும். 1784இல் குட்ரிக் கண்ட பீட்டா லைரே இதற்குச் சான்று. அதன் பெயரான ஷெலியாக் என்பதும் அரபு நூல்வழி வந்ததே. இன்னும் நெருங்கி ஒன்றோடொன்று தொட்டுக்கொள்வனவும் உள. 1903இல் அறியப்பட்ட டபிள்யூ அர்சே மெஜோரிஸ் அவ்வகையின் தலைமகன். எட்டு மணி நேரத்தில் ஒரு சுற்று முடிகிறது. ஓரிரவிலேயே முழு வரைகோட்டையும் பெற்றுவிடலாம். தொட்டவை இறுதியில் என்னாகும்? 2008இல் விருச்சிகக் கூட்டத்தில் ஒரு விண்மீன் திடீரென வெடித்து ஒளிர்ந்தது. பழைய பதிவுகளை எடுத்து நோக்கியபோது, அது ஒரு தொடு இரட்டை என்பதும், அதன் சுற்றுக்காலம் ஆண்டுக்காண்டு சுருங்கி வந்தது என்பதும் தெரிந்தன. இரண்டும் ஒன்றாய்க் கலந்துவிட்டன.

கைமாறிய செல்வம்

அல்கோலில் ஆய்வாளரை நெடுங்காலம் மயக்கிய முரண்பாடு ஒன்றுண்டு. நிறை மிகுந்த விண்மீன் தன் எரிபொருளை விரைந்து செலவிட்டு விரைவில் முதுமையடையும். இது விண்மீன் இயலின் அடிப்படை. அல்கோலின் பிரகாசமான விண்மீன் கதிரவனைப்போல் மூன்று மடங்குக்கு மேல் நிறையுடையது, இளமையோடு விளங்குகிறது. துணையோ கதிரவனினும் நிறை குறைந்தது. அதுவே முதுமையெய்திப் பருத்துக் கிடக்கிறது. இரண்டும் ஒருங்கே பிறந்தவை எனின், இளைத்தது எங்ஙனம் முந்தி மூத்தது?

விடை 1955ஐ ஒட்டிய ஆண்டுகளில் உருவாயிற்று. இன்று இளைத்திருப்பதே பிறப்பில் நிறை மிகுந்ததாக இருந்தது. முதுமையில் அது பருத்துத் தன் ஈர்ப்பெல்லையைக் கடந்தபோது, அதன் பொருள் துணையின்பால் வழிந்தோடியது. செல்வர் இளைத்தார், எளியவர் செழித்தார். குடும்பச் சொத்து கைமாறிய வரலாற்றைப் பத்திரம் பார்த்து அறிவதுபோல், விண்மீன்களுக்கிடையே பொருள் கைமாறியதை வரைகோடு பார்த்து அறிகிறோம்.

பொருள் கைமாறினால் சுற்றுக்காலமும் மெல்ல மாறும். இதனைக் கண்டறியும் முறை இராயபுரத்தார்க்கு எளிதில் விளங்கும். 1856இல் திறக்கப்பட்டது நம் இராயபுரம் இரயில் நிலையம். வண்டி வரவேண்டிய நேரம் அட்டவணையில் உள்ளது. வந்த நேரம் கடிகாரத்தில் உள்ளது. இரண்டன் வேறுபாட்டை நாள்தோறும் எழுதி வந்தால், வண்டி தற்செயலாகத் தாமதித்ததா, அட்டவணையே பிழையா என்பது சில மாதங்களில் தெரிந்துவிடும். விண்மீன் மறைப்புக்கும் இவ்வாறே கணித்த நேரத்தையும் கண்ட நேரத்தையும் கழித்துப் பல ஆண்டுகள் தொடர்ந்து வரைகின்றனர். அல்கோலில் மூன்றாவது விண்மீன் ஒன்றும் 680 நாளுக்கு ஒருமுறை சுற்றிவருகிறது. அதன் இழுப்பும் இக்கணக்கில் தென்படும்.

இவ்வளவும் கருதலால் பெற்றவை. காட்சி பின்னர் வந்தது. கலிஃபோர்னியாவின் வில்சன் மலையிலுள்ள பல தொலைநோக்கிகளின் ஒளியை ஒன்றிணைத்து அல்கோலின் உறுப்பினரைத் தனித்தனியே காட்டும் படங்கள் 2012இல் வெளியாயின. குட்ரிக் எழுதி 229 ஆண்டுகள் கழிந்திருந்தன. கருதியது பொய்க்கவில்லை.

சென்னையின் பங்கு

மேலே கூறிய ஒளித்தர எண்கள் யாவும் ஒரு சென்னைக்காரரின் அளவுகோலில் அமைந்தவை. ஐந்து தர வேறுபாடு நூறு மடங்கு ஒளி வேறுபாட்டுக்குச் சமம் என்ற விதியை நார்மன் பாக்சன் 1856இல் முன்மொழிந்தார். அப்போது அவர் இங்கிலாந்தில் இருந்தார். 1861இல் நுங்கம்பாக்கத்திலிருந்த சென்னை வானாய்வகத்தின் பொறுப்பேற்று, 1891இல் இந்நகரிலேயே மறையும்வரை இங்கே பணியாற்றினார். மாறும் விண்மீன்களைப் பற்றிய அவருடைய குறிப்புகள் அவர் மறைந்த பின் 1908இல்தான் அச்சேறின.

அவருக்குக் கீழ்ப் பணியாற்றியவர் பஞ்சாங்கக் கணிதர் மரபில் வந்த சிந்தாமணி ரகுநாதாச்சாரி. 1867இல் ரெட்டிகுலம் கூட்டத்தில் ஒரு விண்மீனின் ஒளி மாறுவதைக் கண்டறிந்தார். அது மறைப்பு இரட்டையன்று, தானே விம்மிச் சுருங்கும் வகையினது. எனினும் நம் நகரிலிருந்து ஓர் இந்தியர் ஒளிமாற்றத்தை அளந்து உலகுக்கு அறிவித்தார் என்பது நினைக்கத்தக்கது. 1874இல் வெள்ளி கதிரவனைக் கடந்தபோது, அதனைப் பொதுமக்களுக்கு விளக்கும் சிறுநூலை இந்திய மொழிகள் பலவற்றில் வெளிவரச் செய்தவரும் இவரே. அறிவியலைத் தாய்மொழியில் சொல்ல முடியாது என்போர்க்கு இதனினும் பழைய மறுப்பு வேண்டா. அந்த வானாய்வகத்தின் கருங்கல் தூண் இன்றும் வானிலை ஆய்வு மைய வளாகத்தில் நிற்கிறது; அதில் தமிழ், தெலுங்கு, இந்துஸ்தானி எழுத்துகள் பொறிக்கப்பட்டுள்ளன. நேரங்காட்ட இரவு எட்டு மணிக்குக் கோட்டையில் வெடித்த பீரங்கியும் அவ்வானாய்வகத்தின் கடிகாரத்தைப் பின்பற்றியதே.

ஐதராபாத்தில் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நவாப் ஜஃபர் ஜங் தம் பொருள்கொண்டு 15 அங்குலத் தொலைநோக்கியை வரவழைத்தார். அதிலிருந்து வளர்ந்ததே நிஜாமியா வானாய்வகம். பின்னர் அது உஸ்மானியாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தது. அப்பல்கலைக்கழகம் ஜபால்-ரங்காபூரில் நிறுவிய 48 அங்குலத் தொலைநோக்கியில், அபயங்கர் முதலியோர் நெருங்கிய மறைப்பு இரட்டைகளை முதன்மைப் பொருளாகக்கொண்டு ஆராய்ந்தனர். செல்வர் ஒருவர் தோட்டத்தில் நட்ட கருவி பல்கலைக்கழகத் துறையாயிற்று. நம் ஊரின் செல்வந்தர்கள் இதனைச் சற்றே கவனிக்கலாம்.

நிஜாமியாவில் பணியாற்றியவரின் மகன், 1927இல் சென்னையில் பிறந்த வைணு பாப்பு. அவர் தேர்ந்த இடமே ஜவ்வாது மலையின் காவலூர். 1968இல் அங்கு 38 செ.மீ. தொலைநோக்கியும் 1972இல் 102 செ.மீ. தொலைநோக்கியும் நிறுவப்பட்டன. 1977 மார்ச் 10 அன்று யுரேனஸ் கோள் ஒரு விண்மீனை மறைக்கும் நிகழ்வைக் காவலூரில் பட்டாச்சார்யாவும் குப்புசாமியும் அளந்தனர். கோள் வந்து மறைப்பதற்கு முன்னரே ஒளி சட்டென இறங்கி மீண்டது. யுரேனசுக்கு வளையங்கள் உண்டென உலகம் கண்ட அவ்விரவின் சான்றுகளுள் அதுவும் ஒன்று. இங்கும் கண்டது பொருளை அன்று, ஒளி குறைந்ததையே.

நம் மாடியிலிருந்து

இனி நாம் செய்யத்தக்கது. எண்ணூர், மணலி ஆலைகளின் வெளிச்சத்தால் நம் வடவானம் அடிவிளிம்பில் வெளுத்திருக்கும். அல்கோலோ உச்சம் பெறும்போது அடிவானத்திலிருந்து 60 பாகைக்கு மேல் உயர்ந்து நிற்பதால் அவ்வெளிச்சத்துக்குத் தப்பிவிடுகிறது. கார்த்திகை மார்கழி மழைமேகம் ஒழிந்த சனவரித் தொடக்கத்தில், இரவு எட்டு மணியளவில், வடக்கு நோக்கி நிமிர்ந்தால் காணலாம்.

மறைப்பு வேளையைக் கணிப்பது எளிது. சுற்றுக்காலம் மூன்று நாளுக்கு 3 மணி 11 நிமிடம் குறைவு. செவ்வாய் விடியலுக்கு முன் 1.00 மணிக்கு ஒளி அடித்தட்டில் இருக்கக் கண்டால், அடுத்தது வியாழன் இரவு 9.49க்கு, அதற்கடுத்தது ஞாயிறு மாலை 6.38க்கு, பின்னது பகலில் போய்விடும். ஏழு சுற்றுக்கு 20 நாள் 1 மணி 43 நிமிடம் ஆதலின், ஏறத்தாழ இருபது நாளுக்கு ஒருமுறை இவ்வரிசை திரும்ப வரும்.

ஒப்பிட அருகிலேயே மீன்கள் உள. அல்மாக் 2.1, எப்சிலான் பெர்சி 2.9, டெல்ட்டா பெர்சி 3.0, முக்கோணக் கூட்டத்தின் ஆல்ஃபா 3.4. வழக்கமான நாளில் அல்கோல் அல்மாக்கிற்கு நிகராகவும், மறைப்பு உச்சமடையும் வேளையில் முக்கோணத்தின் ஆல்ஃபாவுக்கு நிகராகவும் தோன்றும். அரைமணிக்கு ஒருமுறை எதனினும் மங்கல், எதனினும் பிரகாசம் என்பதை நேரத்தோடு குறிக்கவேண்டும். இருவர் நோக்கினால் ஒருவர் குறிப்பை மற்றவர் பார்க்கலாகாது. முதல்வர் எழுதியதே இரண்டாமவர் கண்ணுக்கும் தோன்றிவிடும். மேகம் மறைத்த நேரத்தை ஊகத்தால் நிரப்பாமல் வெற்றிடமாகவே விடுக. அல்கோலுக்கு மிக அருகிலுள்ள ரோ பெர்சியை மட்டும் ஒப்பீட்டுக்குக் கொள்ள வேண்டா. அதுவும் ஒளி மாறும் விண்மீனே.